கார் பீடிங், எம்ப்ளம்: பெயின்ட் உரியாமல் கழற்றும் முறை

கதவின் பக்கவாட்டில் ஓடும் பட்டையான சைடு பீடிங், டிக்கியில் ஒட்டியிருக்கும் பெயர் எழுத்துகளும் சின்னமுமான எம்ப்ளம், ஜன்னலின் மேல் மழைத்தடுப்பாக நிற்கும் டோர் வைசர், கண்ணாடிக்குக் கீழே ஓடும் குரோம் பட்டை எனக் காரின் வெளியே தெரியும் அலங்காரச் சாமான்களில் பெரும்பாலானவை இன்று டபுள் சைடு டேப்பில்தான் நிற்கின்றன. அவற்றைக் கழற்றும்போது பெயின்ட் கெடுவதற்கு முக்கியக் காரணம், இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுச் செய்வது. பீடிங்கைப் பாடியிலிருந்து பிரிப்பது ஒரு வேலை. பாடியில் மிஞ்சும் பசையை எடுப்பது இன்னொரு வேலை. பசையோடு சேர்த்து ஒரே இழுப்பில் பிடுங்கப் பார்ப்பவர்தான் பெயின்ட்டையும் சேர்த்துப் பிடுங்குகிறார்.

கம்பெனியில் ஒட்டிவரும் டேப் பெரும்பாலும் அக்ரிலிக் ஃபோம் டேப். சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில், சுமார் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும். அதன் கீழே இருக்கும் கம்பெனி பெயின்ட், அடிப்பூச்சான பிரைமரிலிருந்து நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட் வரை எல்லாப் பூச்சும் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். அதாவது டேப்பின் தடிமன் பெயின்ட்டைவிட ஏழெட்டு மடங்கு. அறுப்பதற்கு அவ்வளவு இடம் டேப்பிலேயே இருக்கும்போது பெயின்ட்டின் அருகே எந்தக் கருவியையும் கொண்டுபோக வேண்டியதில்லை. ஃபோமின் நடுவில் அறுத்தால் பாதி பீடிங்கோடு வரும், பாதி பாடியில் தங்கும். அப்படித் தங்குவதுதான் நமக்கு வேண்டியது.

இந்த ஃபோமுக்கு இன்னொரு குணமும் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் அது விறைத்துக்கொள்ளும், முழு விசையும் பெயின்ட்டின் மேல் போகும். மெதுவாக இழுத்தால் நீண்டு கொடுக்கும். சூடு ஏறினால் இன்னும் இளகும். ஆனால் உருகாது. "சூடு காட்டினேன், தானாக விழவில்லையே" என்று சூட்டை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் பெயின்ட்டைக் கருக்கிவிடுவார்கள். சூடு என்பது அறுப்பதைச் சுலபமாக்கத்தான். அறுக்கும் வேலையை நைலான் தூண்டில் நரம்புதான் செய்ய வேண்டும்.

கைவைப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: அந்தக் கதவு முன்பு எப்போதாவது ரீபெயின்ட் ஆனதா? கம்பெனியில் பெயின்ட்டை 140 டிகிரி அளவு சூட்டில் சுட்டு இறுக்குகிறார்கள். பட்டறையில் அப்படிச் செய்ய முடியாது. பெயின்ட் அடிக்கும் அறையான பூத் இருந்தாலும் 60 டிகிரி அளவில்தான் காய வைப்பார்கள், பல இடங்களில் அதுவும் கிடையாது. பழைய பெயின்ட்டைச் சரியாக எமரி போட்டுத் தேய்க்காமல் மேலே அடித்திருந்தால், அந்தப் புதுப் பூச்சு அடியில் இருப்பதைப் பிடித்திருக்கும் பிடியைவிட டேப் அதைப் பிடித்திருக்கும் பிடி பலமாக இருக்கும். அப்போது டேப்பை இழுத்தால் பெயின்ட் தகடாக எழுந்து வரும். இப்படி உரிவது பெரும்பாலும் ரீபெயின்ட் ஆன கதவிலும் பம்பரிலும்தான்.

கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. கதவைத் திறந்து ரப்பர் ஓரத்திலும் கீல் போல்ட்டுகளிலும் ஸ்ப்ரே படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கீல் போல்ட்டின் தலையில் ஸ்பேனர் போட்ட தழும்பு இருந்தால் கதவைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால், கம்பெனிப் பூச்சில் தெரியும் மெல்லிய ஆரஞ்சுத்தோல் சொரசொரப்பு எல்லாக் கதவிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு கதவு மட்டும் வேறாகத் தெரிந்தால் அது சந்தேகத்துக்குரியது. பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் கிடைத்தால் வேலை சுலபம். ரூஃபில் 120 மைக்ரான் காட்டி, கதவில் 250க்கு மேல் காட்டினால் மறுபூச்சு. ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் சொட்டையை நிரப்பிய பட்டி இருக்கிறது. மீட்டர் உலோகத் தகட்டில்தான் இப்படி வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் வழக்கமான மீட்டர் எதுவும் காட்டாது.

ரீபெயின்ட்டிலேயே மோசமான வகை ஒன்று உண்டு. பீடிங்கைக் கழற்றாமல், ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அப்படியே அடித்துவிடுவது. பீடிங்குக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் பெயின்ட் இறங்கி, இரண்டையும் சேர்த்துப் பாலம் போலப் பிடித்துக்கொள்ளும். நரம்பு எவ்வளவு பதமாக ஓடினாலும் பீடிங் எழும்போது அந்தப் பாலம் உடைந்து ஓரப் பெயின்ட்டையும் சில்லாகப் பெயர்க்கும். பூதக்கண்ணாடியோ செல்போன் கேமராவோ வைத்து ஓரத்தைப் பாருங்கள். பாலம் தெரிந்தால், புது பிளேடை பீடிங்கின் பக்கம் சாய்த்து, பீடிங்கின் விளிம்பிலேயே கோடு போட்டு முதலில் பாலத்தை வெட்டிவிட வேண்டும். பீடிங்கில் கீறல் விழுந்தால் விழட்டும், பாடியில் பிளேடு படக் கூடாது. ரீபெயின்ட் கதவு என்று உறுதியானால் காரின் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அங்கே உத்தரவாதம் தர முடியாது. பூச்சு அடித்து ஒரு மாதம்கூட ஆகாத கதவாக இருந்தால் தொடவே வேண்டாம்.

அடுத்தது, அந்தச் சாமான் உண்மையிலேயே டேப்பில் மட்டும் நிற்கிறதா என்பது. சில எம்ப்ளங்களின் பின்னால் இரண்டு சிறு பின்கள் இருக்கும், பாடியில் அதற்கான ஓட்டையில் அமர்ந்திருக்கும். டிக்கியின் உள்பக்கத் தட்டியைக் கழற்றி டார்ச் அடித்தால் ஓட்டை தெரியும். கதவுப் பீடிங்கில் சில மாடல்களில் நடுவே டேப், இரண்டு முனையிலும் கிளிப் இருக்கும். சக்கரத்தின் மேல் வளைவில் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் கிளாடிங் பெரும்பாலும் கிளிப்பிலும் ஸ்குரூவிலும் நிற்பது, ஓரத்தில் மட்டும் மெல்லிய டேப் இருக்கும். ரூஃபின் இருபுறமும் ஓடும் கறுப்புப் பட்டை பல கார்களில் முழுக்கக் கிளிப்தான், அதைச் சூடு காட்டிக் கழற்றப் போனால் கிளிப் உடையும். பின் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு முடிவும் எடுக்க வேண்டும்: எம்ப்ளத்தைக் கழற்றிய பிறகு ஓட்டை வெளியே தெரியும். அதை அடைக்க வழி யோசிக்காமல் கழற்றக் கூடாது.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. 1000 முதல் 1500 வாட் ஹேர் டிரையர் அல்லது சூட்டைக் குறைத்து வைக்க வசதியுள்ள ஹீட் கன். 0.5 மில்லிமீட்டர் நைலான் தூண்டில் நரம்பு. நரம்பைச் சுற்றிப் பிடிக்க இரண்டு மரக்குச்சி, கைக்கு உறை. பிளாஸ்டிக் டிரிம் கருவி அல்லது பழைய ஏடிஎம் கார்டு. மாஸ்கிங் டேப், ஷாம்பு கலந்த தண்ணீர் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில், மைக்ரோஃபைபர் துணி நாலைந்து. பின்னல் நூல் வகை நரம்பு சுருக்காக அறுக்கும் என்பது உண்மைதான், ஆனால் பெயின்ட்டில் உரசினால் அது தடம் பதிக்கும். நைலான் மழமழப்பானது, அறுந்தால் இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். ஸ்குரூ டிரைவரும் பட்டி பிளேடும் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. துணி சுற்றி நெம்பினாலும் சரி, அது தகட்டில் ஒரு புள்ளியில் ஊன்றும், பெயின்ட் தப்பினாலும் தகடு சொட்டையாகும்.

முதலில் வண்டியைக் கழுவ வேண்டும். பீடிங்கின் மேல்விளிம்பில் வருஷக்கணக்கில் மண் படிந்திருக்கும். அதோடு நரம்பை ஓட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கோடு விழும். பழைய டூத் பிரஷ்ஷால் அந்த இடுக்கை ஷாம்புத் தண்ணீரோடு தேய்த்து, நன்றாகத் துவட்டி, மேலும் கீழும் பீடிங்கை ஒட்டி மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். திரும்ப மாட்டப் போகிறீர்கள் என்றால் இதுவே இடத்துக்கான அடையாளமும் ஆகிவிடும். முன்முனை, பின்முனை இரண்டையும் பேனாவால் டேப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

சூட்டுக்கு இலக்கு 60 டிகிரி. 70ஐத் தாண்ட வேண்டியதில்லை. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், கையை வைத்தால் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் தாங்க முடியாத சூடு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டு 'சுர்'ரென்றால் எல்லை தாண்டியாயிற்று. ஹீட் கன்னை 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓர் அடி நீளத்தில் போவதும் வருவதுமாக இரண்டு மூன்று நிமிடம் காட்ட வேண்டும். ஹீட் கன்னின் மூக்கில் வரும் காற்று 500 டிகிரியைத் தாண்டக்கூடியது, ஒரே இடத்தில் சில விநாடி நின்றாலே கிளியர் கோட் கொப்பளிக்கும். பழக்கமில்லாதவர்கள் ஹேர் டிரையரோடு நின்றுவிடுவது நல்லது, நேரம் கூடும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைத் தகடு போலப் பரப்பாது, அந்த இடத்திலேயே தேக்கிவைத்து வளைந்துவிடும். அங்கே ஹேர் டிரையர்தான். குரோம் பூசிய எழுத்துகளும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் என்பதால் அதே கவனம் அங்கேயும் தேவை.

சித்திரை, வைகாசி வெயில் இதற்கு இலவச உதவி. கறுப்பு அல்லது அடர்நிற வண்டியை நண்பகலில் ஒரு மணி நேரம் வெயிலில் விட்டால் தகடு 60ஐ நெருங்கிவிடும், அடி வரை ஒரே சீராகச் சூடேறியிருக்கும். அப்படியே நிழலுக்கு ஓட்டிவந்து உடனே ஆரம்பிக்கலாம். மார்கழிக் காலையில் இதே வேலையை எடுத்தால் சூடு காட்டிய இடம் அறுப்பதற்குள் ஆறிவிடும். வெள்ளை வண்டி வெயிலில் அந்த அளவு சூடாகாது.

நரம்பை 60 சென்டிமீட்டர் வெட்டி, இரண்டு குச்சியிலும் சுற்றி, நடுவில் ஒரு சாண் விட்டுப் பிடியுங்கள். பீடிங்கின் ஒரு முனையில், ஃபோமுக்குப் பின்னால் அல்ல, ஃபோமின் நடுவிலேயே நுழைக்க வேண்டும். இடுக்கில் ஷாம்புத் தண்ணீரை அடித்துவிட்டு, இடமும் வலமுமாக ரம்பம் அறுப்பதுபோல நீளமாக இழுங்கள். இரண்டு கையும் பாடிக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு கை கதவை நோக்கி இறங்கினால் நரம்பு பெயின்ட்டில் அழுந்தி உரசும். பீடிங்கைத் தூக்கிப் போடப் போவதாக இருந்தால், நரம்பை பீடிங் பக்கமாகவே சற்றுச் சாய்த்துக்கொள்ளலாம். நரம்பு ஃபோமுக்குள் ஓடும்போது கைக்கு ஒரே சீரான பிடி தெரியும், கறுப்புத் திரிகள் உருண்டு வெளியே வரும். பிடி திடீரென்று இறுகி நரம்பு ஓரிடத்தில் நின்றுவிட்டால் அங்கே பின்னோ கிளிப்போ இருக்கிறது. பலம் போடாமல் நிறுத்தி, மறுமுனையிலிருந்து அறுத்து அந்த இடத்துக்கு வந்துசேருங்கள். பின்னைச் சுற்றி ஃபோம் முழுக்க அறுந்த பிறகு எம்ப்ளத்தைத் திருகாமல் நேராக வெளியே இழுக்க வேண்டும்.

பாதி வழியில், அறுத்த பகுதி மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் பிளாஸ்டிக் கார்டு: அறுத்த இடத்தில் செருகி இடைவெளியைக் காப்பது மட்டுமே அதன் வேலை, நெம்புவதற்கல்ல. நீளமான கதவுப் பீடிங்குக்கு இரண்டு பேர் இருந்தால் ஒருவர் முன்னே சூடு காட்டிக்கொண்டே போக, மற்றவர் பின்னே அறுத்து வரலாம். தனியாகச் செய்தால் ஒவ்வோர் அடியாகச் சூடு காட்டி, அறுத்து, அடுத்த அடிக்குப் போங்கள். அறுந்த பீடிங்கைத் தொங்கவிட்டால் அதன் எடையே மீதியைப் பிடித்து இழுக்கும். மாஸ்கிங் டேப் துண்டால் பாடியோடு தாங்கி நிறுத்துங்கள். டோர் வைசர் மட்டும் வேறு ஜாதி. பழைய அக்ரிலிக் வைசர் வளைத்தால் பளிச்சென்று உடையும், உடைந்த முனை கதவுச் சட்டத்தைக் கீறும். அதைக் கொஞ்சமும் வளைக்காமல் முழு நீளமும் நரம்பால் மட்டுமே அறுக்க வேண்டும். கதவுச் சட்டத்தில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது வைசரோடு வந்துவிடும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே ஃபோம் டேப்பாகவும் இருக்காது. முன்பு ஒருமுறை கழன்று விழுந்ததை யாரோ பெவிகுவிக் வகைப் பசையில் ஒட்டியிருப்பார்கள். அது கண்ணாடி மாதிரி இறுகி நிற்கும், நரம்பு நுழையாது. அதைக் கரைக்கும் அசிட்டோன் பெயின்ட்டையும் தின்னும். அந்த இடத்தில் பீடிங்கையே சிறு துண்டுகளாக வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய பசைத் துளியை 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் பொறுமையாக இறக்கிப் பிறகு பாலிஷ் போடுவதுதான் வழி. டிக்கியின் மேல் நிற்கும் ஸ்பாய்லர்களில் வருவது, கார் கண்ணாடி ஒட்டும் அதே வகைக் கறுப்பு பாலியூரித்தேன் சீலன்ட்; அது எந்தச் சாதாரணக் கரைப்பானுக்கும் அசையாது, அறுத்துத்தான் எடுக்க முடியும்.

பீடிங் போன பிறகு பாடியில் ஃபோம் பட்டை நிற்கும். இங்கே அவசரம் கூடாது. மறுபடி லேசாகச் சூடு காட்டி, ஒரு முனையை நகத்தால் கிளப்பி, பாடியை ஒட்டியே படுக்கவைத்த கோணத்தில் மெதுவாக இழுத்தால் சில இடங்களில் பட்டையாகவே வரும். வராத இடத்தில் கட்டைவிரலால் உருட்டுங்கள், உருண்டையாகத் திரண்டு வரும். விரல் வலிக்கும், ஆனால் இதைவிடப் பத்திரமான கருவி கிடையாது.

மீதிக்குத்தான் கரைப்பான். அதற்கு முன் ஹீட் கன்னை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, தள்ளி வைத்துவிட வேண்டும். தகடும் கைச்சூட்டுக்கு ஆற வேண்டும். சூடான தகட்டில் கரைப்பான் ஊறுவதற்குள் ஆவியாகிவிடும், அந்த ஆவியில் தீப்பிடிக்கவும் செய்யும். பட்டறைகளில் பெட்ரோலில் துணியை நனைத்துத் தேய்ப்பது வழக்கமாக இருக்கிறது. அது தேவையே இல்லாத ஆபத்து. மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன் போதும். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த பசை நீக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. டபிள்யூடி-40யும் வேலை செய்யும், நேரம் எடுக்கும். தின்னர் மட்டும் வேண்டாம். கம்பெனி பெயின்ட் ஒருவேளை தாங்கும், பட்டறைப் பெயின்ட் சுருங்கி இளகும். எதைப் போட்டாலும் முதலில் கதவின் உள்விளிம்பில் ஒரு துளி விட்டு, துணியில் நிறம் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தேய்ப்பதைவிட ஊறவைப்பது மேல். துணியை நனைத்துப் பசையின் மேல் படுக்கவைத்து, மேலே பாலிதீன் தாளை மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு பிளாஸ்டிக் கார்டால் வழித்தால் கூழாக வரும். வரவில்லையென்றால் இன்னொரு ஐந்து நிமிடம். வழித்த பசையை அதே துணியால் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அதில் சிக்கிய மண் கோடு போடும், துணியின் முகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் எண்ணெய்ப் பசை போக ஷாம்புத் தண்ணீர், அதன்பின் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்.

பசையை உரசி எடுக்க டிரில்லில் மாட்டும் ரப்பர் வீலைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கம்பெனிப் பூச்சில், நீளமான பட்டையில், அது நேரத்தை நிறைய மிச்சப்படுத்தும். ஆனால் உரசலில் எழும் சூடுதான் பெயின்ட்டைக் கெடுக்கிறது, ரப்பர் அல்ல. வீலின் மேல் அச்சடித்திருக்கும் அதிகபட்ச வேகத்தைத் தாண்டாமல், டிரில்லின் எடைக்கு மேல் அழுத்தாமல், ஓரிடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நிற்காமல் ஓட்ட வேண்டும். கதவின் மடிப்புக் கோட்டிலும் விளிம்பிலும் பெயின்ட் மெலிந்திருக்கும், அங்கே வீலைக் கொண்டுபோகக் கூடாது. ரீபெயின்ட், பிளாஸ்டிக் பம்பர் இரண்டுக்கும் வீல் ஆகவே ஆகாது.

பசை போனதும் பீடிங்கின் நிழல் தெரியும். அது இரண்டு வகை. ஒன்று வெறும் அழுக்கும் வாக்ஸும் சேர்ந்த கறை, கிளே பாரிலும் (அழுக்கை ஒற்றியெடுக்கும் களிமண் போன்ற கட்டி) லேசான பாலிஷிலும் போய்விடும். மற்றது, சுற்றியுள்ள பெயின்ட் வெயிலில் மங்கி, மூடியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் நிற்பது. கிளியர் கோட் இல்லாத பழைய சிவப்பு வண்டிகளில் இது பளிச்சென்று தெரியும். பாலிஷ் போட வேண்டியது நிழல் மேல் அல்ல, அதைச் சுற்றிய மங்கிய பகுதி மேல். அதுவும் கதவு முழுக்கப் போட்டால்தான் கண்ணுக்குச் சேரும். நகத்தை ஓட்டிப் பாருங்கள்: விளிம்பில் தட்டினால் அது நிறமல்ல, பூச்சின் படி. பீடிங்கை மாஸ்க் செய்து அடித்த ரீபெயின்ட்டில் விட்டுப்போன படி அது. அதைக் கையால் சமன் செய்யப் போனால் கிளியர் கோட் தீர்ந்துவிடும், நல்ல பெயின்டரிடம் விடுங்கள்.

பீடிங்குக்கு அடியில் தண்ணீர் தேங்கித் துரு பிடித்திருந்தால், கிளிப் ஓட்டையைச் சுற்றித்தான் பெரும்பாலும் தொடங்கியிருக்கும். துருவைச் சுரண்டி, துரு தடுப்பு பிரைமர் தொட்டு, டச்சப் பெயின்ட் வைத்த பிறகே மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டும். ஓட்டையை விட்டுவைக்கப் போகிறீர்கள் என்றால் அளவுக்கேற்ற ரப்பர் அடைப்பான் (குரோமெட்) போட்டு அடையுங்கள். சிலிகான் வைத்து அடைத்தால் பின்னால் பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் பூச்சு பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

திரும்ப ஒட்டுவதாக இருந்தால் பீடிங்கின் பின்பக்கத்திலும் பழைய ஃபோம் முழுக்கப் போயிருக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை ஸ்பாஞ்ச் டேப் வெயிலுக்கும் மழைக்கும் தாங்காது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகக் கடைத் தெருக்களில் சாம்பல் நிற அக்ரிலிக் ஃபோம் டேப் 6, 12 மில்லிமீட்டர் அகலங்களில் கிடைக்கும். பீடிங்கின் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்தள்ளி ஒட்டுங்கள். பீடிங் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்காக இருந்தால் டேப்பின் பிரைமரை மெல்லிசாகத் தடவி உலரவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாண்டாது. பாடியை ஆல்கஹாலால் துடைத்து, குறித்த மாஸ்கிங் டேப்பைப் பார்த்து வைத்து, ஒவ்வோர் அங்குலமாகக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். ஒட்டிய உடனே பிடித்துவிட்டதுபோலத் தெரியும், ஆனால் முழுப் பிடி வர மூன்று நாள் ஆகும். முதல் நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது. பிரஷர் வாஷ் ஒரு வாரம் தள்ளிப் போகட்டும், அப்போதும் பீடிங்கின் விளிம்பை நோக்கி நேராக அடிக்க வேண்டாம் என்று வாட்டர் சர்வீஸ் பையனிடம் சொல்லிவிடுங்கள்.